ரெட்டை டேங்க் பக்கத்தில் வீடு

எனக்கு மனிதர்களைப் பேட்டி எடுக்கப் பயம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாரத்துக்கு ஒருவரை உட்கார வைத்து, பேச வைத்து, அதை நான்கு வருடமாக யூடியூபில் போட்டுக்கொண்டிருக்கிறவள் இப்படிச் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் பாத்ரூமுக்கு ஓடுவேன். இருபத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். ஐம்பது பிள்ளைகள் முன்னால் வராத பயம், ஒரே ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து "கேளுங்க டீச்சர்" என்று சொன்னதும் வந்துவிடும். அவர் பேசாமலே இருந்துவிட்டால்? நான் கேட்கக்கூடாததைக் கேட்டு அவர் எழுந்து போய்விட்டால்? பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தால்?

காமிராவைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். வங்கி வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மூன்றாவது தடவை பாத்ரூம் போய்விட்டு வரும்போது, "என்ன, பப்ளிக் எக்ஸாமா இன்னைக்கு?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் சொன்னது சரிதான். அப்போதெல்லாம் நான் பயந்தது என் மானத்துக்காக மட்டும்தான். இன்னொருவருடைய உயிருக்காகப் பயப்படுவது எப்படி இருக்கும் என்று போன வருடம் ஒரு புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரகசியம் என்று பெருமையாகச் சொல்கிறேன், நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது. மைக்கைச் சட்டையில் குத்தியதும் எப்பேர்ப்பட்டவருக்கும் வாய் கட்டிவிடும். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் தொலைந்தது, பயோடேட்டாவை ஒப்பிப்பார்கள். அதனால் நான் ஒலி சரியாக வருகிறதா என்று பார்க்கிற சாக்கில், "எப்படி வந்தீங்க, வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்பேன். அவ்வளவுதான், மடை திறந்துகொள்ளும். தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு வழி சொல்வதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. தெருப்பெயர், கதவு எண் எல்லாம் ஆதார் அட்டைக்குத்தான். பேச்சில் வருவது முழுக்க அடையாளம்தான். மூடிப்போன தியேட்டர், பாலத்துக்கு அடியில் இருக்கிற பரோட்டா கடை, அரச மரம், பழைய செக்போஸ்ட். ஒரு முறை குரோம்பேட்டையிலிருந்து வந்த டாக்டர் ஒருவர், நாற்பது வருட மருத்துவ அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு சப்வேயில் தண்ணீர் நின்ற கதையைக் கேட்டதும் பத்து நிமிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அந்தச் சூட்டிலேயே அவருடைய முதல் நோயாளியைப் பற்றிக் கேட்டேன், அழுதுவிட்டார். நல்ல பேட்டி அது.

அந்த வழிக்கதையில் ஒரு துண்டை வெட்டி, பேட்டிக்கு நாலு நாள் முன்னால் முன்னோட்டமாகப் போடுவேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. எங்கள் சேனலுக்கு ஆள் வருவதே அதைப் பார்த்துத்தான்.

போன வருடம் ஆடி மாதம் ஓஎம்ஆரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிற அம்மாவைப் பேட்டி எடுத்தேன். அவர் இரண்டு வாரம் கழித்து போன் செய்தார். "எங்ககிட்ட வேலை செய்யிற பொண்ணு ஒண்ணு பேசணும்னு சொல்லுது டீச்சர். ஆனா மூஞ்சி தெரியக் கூடாதாம்."

அவள் வந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டு, முழுக்கை வைத்த சுடிதார். உட்கார்ந்த உடனே நிபந்தனையைச் சொன்னாள்.

"மூஞ்சி மட்டும் தெரியக் கூடாது டீச்சர். பேரு வரக்கூடாது, பொண்ணு பேரு, ஏரியா பேரு எதுவும் வரக்கூடாது. குரலு பரவால்ல. என் குரலு மாரி மெட்ராஸ்ல ஆயிரம் கீது."

"யாருக்குத் தெரியக் கூடாதும்மா?"

"என் வூட்டுக்காரனுக்கு."

நான் தலையை ஆட்டினேன். சத்தியம் செய்யாத குறையாக, ஒன்றும் வராது என்றேன். வீட்டுக்காரர் காமிராவை அவளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். தலையும் துப்பட்டாவும் ஜன்னல் வெளிச்சமும்தான் தெரியும். மைக்கைக் குத்தினேன். பழக்க தோஷம், எப்படி வந்தீங்க என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குறீங்க டீச்சர். எங்க பிளாக்குல லிஃப்ட்டு பொறந்ததுலேந்து ஓடல. நாலு மாடி எறங்கி, கீழ மாவுக்கட அக்காவாண்ட பொண்ணுக்காவ சாவிய குடுத்துட்டு, ரெட்ட டேங்க் கீதே, அதாண்ட வந்து நின்னேன். ஷேர் ஆட்டோகாரன் பத்து பேர ஏத்திக்கினு வந்து, 'இன்னும் ஒரு சீட்டு கீதுக்கா, வா'ன்றான். எங்கடா கீதுன்னா, அவன் மடிய காட்டுறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த அறையில் கேட்டதே இல்லை. காமிராவுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். எனக்கு இருந்த பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இது பிரமாதமாக வரப்போகிறது என்று மனசுக்குள் துள்ளினேன்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எட்டு வருடம் அடி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் வடித்துக்கொண்டிருந்த கஞ்சியைச் சட்டியோடு தூக்கி அவள் மேல் ஊற்றினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஒரு கட்டைப்பையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டு மாற்றுத்துணி, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு வெளியே வந்துவிட்டாள். இதை எதற்கு வந்து சொல்கிறாய் என்று கேட்டேன்.

"என்ன மாரி வூட்டுக்குள்ள கெடக்குறவங்க கேக்கட்டும்னுதான். பீரோ வேணும், நகை வேணும், அண்ணன் தம்பி வந்து நிக்கணும்னு நெனச்சிக்கினு நான் எட்டு வருசம் கெடந்தேன். ஒண்ணும் வேணாம், ஒரு பை போதும். இத்த யாராவது எனக்கு சொல்லியிருந்தா கை வெந்துருக்காதுல்ல?"

இரண்டு முறை அவன் அவளைக் கண்டுபிடித்துவிட்டானாம். முதல் முறை சொந்தச் சித்தியே, குடும்பம் சேரட்டும் என்று நல்லெண்ணத்தில் இடத்தைச் சொல்லிவிட்டாள். இரண்டாவது முறை பிள்ளையின் கூடப் படித்த பெண்ணின் அம்மா. அவனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

"கத்திய எடுத்துக்கினு வர மாட்டான் டீச்சர். கேக்கு வாங்கிக்கினு வருவான். டப்பாவுல ரிப்பன் கட்டி. பாக்குறவங்க, ஐயோ பாவம், இன்னா நல்ல மனுசன்னு நெனப்பாங்க."

"உள்ளே வந்த பிறகு?"

அவள் பதில் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இது என்னுடைய இன்னொரு வித்தை. அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போகாமல் காத்திருந்தால், எதிரே இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் தானாகவே பேசுவார். அவள் பேசவில்லை. சுடிதாரின் இடது கையை முழங்கை வரை சுருட்டி, காமிராவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் காட்டினாள். கஞ்சித் தழும்புக்கு மேலே வேறு தழும்புகள் இருந்தன. பிறகு துணியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மூணாவது தடவ வந்தான்னா நான் இருக்க மாட்டேன். அவ்ளோதான்."

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

பேட்டியை எடிட் செய்ய உட்கார்ந்தபோது நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். அவள் பெயர், பெண்ணின் பெயர், அவன் பெயர், கம்பெனி பெயர், அவள் குடியிருக்கிற பெரும்பாக்கம். ஐந்து சொல். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கேட்டேன். ஒரு இடத்தில் வாய் தவறி அவள் மகளைப் பெயர் சொல்லியிருந்தாள், அதை எடுத்தேன். மேடவாக்கம் என்று வந்ததைக்கூட எடுத்தேன். வீட்டுக்காரர், "போதும்மா, இதுக்கு மேல எடுத்தா அந்தப் பொண்ணு மூச்சு விட்டது மட்டும்தான் மிஞ்சும்" என்றார்.

பிறகு முன்னோட்டத்துக்கு ஒரு துண்டு தேடினேன். அந்தச் சிரிப்பை விட எனக்கு மனசு வரவில்லை. லிஃப்ட், நாலு மாடி, மாவுக்கடை, ரெட்டை டேங்க், ஆட்டோக்காரன் மடி. தாளில் எழுதிய ஐந்து சொல்லில் ஒன்றுகூட அதில் இல்லை. மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் போட்டேன்.

புதன்கிழமை காலை பதினொன்றரைக்குக் குழம்பைத் தாளித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "ரெட்ட டேங்க் எங்க ஏரியாதான் டீச்சர், பெரும்பாக்கம். மாவுக்கட அக்காவும் தெரியும். இந்த அக்கா எந்த பிளாக்குன்னு மட்டும் தெரியல, நாலு மாடின்னா 'சி' பக்கம்தான் இருக்கணும்."

யாரோ ஒரு நல்ல பிள்ளை. தன் ஏரியாவை வீடியோவில் கேட்டுவிட்ட குஷியில் எழுதியிருக்கிறான். ஆனால் நான் அதைத் திரும்பப் படித்தேன். அடுப்பை அணைத்தேன். பெயரைத் தேடித் தேடி எடுத்தேனே, பாவி, வீட்டுக்கு வழியை அப்படியே வைத்துவிட்டேனே. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், யாரும் பெயர் சொல்லி வழி சொல்வதில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த அழகுக்காகத்தானே அந்தக் கேள்வியையே கேட்கிறேன்.

வீடியோவைத் தூக்கினேன். அவசரத்தில் முதலில் வேறொன்றைத் தூக்கப் பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் படித்துப் பார்த்தார். இந்த முறை கேலி செய்யவில்லை. "குரல் வேற இருக்கு" என்றார் மெதுவாக.

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். சூப்பர்வைசரைப் பிடித்தேன். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் டீச்சர். போனெல்லாம் லாக்கர்ல வெச்சுட்டுத்தான் உள்ள போவாங்க. மூணு மணிக்குத்தான் எடுப்பா. நான் இன்னிக்கு லீவு, ஊர்ல ஒரு சாவுக்கு வந்திருக்கேன். ஏன், என்ன விஷயம்?" என்றார். அவள் வீட்டு விலாசம் அவருக்கும் தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நீ இங்க இருந்து போன் போட்டுட்டே இரு, நான் போயிட்டு வரேன்" என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். ஆண்பிள்ளை ஒருவர் போய் அவளைப் பற்றி அங்கே விசாரிப்பது சரியில்லை என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அவர் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் புடவை மாற்றும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்தில் வந்து நிற்கிற மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். அவன் முகம் எனக்குத் தெரியாது. ஹெல்மெட் போட்ட எல்லாரும் அவனாகத் தெரிந்தார்கள். ஆண்டவரே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று உதடு தானாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வீட்டுக்கு வழி எனக்கு எப்படித் தெரியும்? என் வீடியோவிலிருந்துதான் தெரியும். மேடவாக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரரிடம் "ரெட்டை டேங்க்" என்றேன். "ஏறுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள். அதற்குள் யாரையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றுதான் அவள் அங்கே போயிருக்க வேண்டும். இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றன. இறங்கினேன். எதிரே காய் விற்றவரிடம் மாவுக்கடை எங்கே என்றேன். அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு என்னோடு பத்தடி நடந்து வந்து காட்டினார். நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. இறங்கியதிலிருந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

மாவுக்கடை என்பது கீழ்த்தள வீட்டு ஜன்னல். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது அம்மா ஒருவர் ஈரக்கையோடு வந்தார். நாலாவது மாடி, ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிற பெண், ஒரு பொம்பளைப் பிள்ளை என்று சொன்னேன்.

"ஓ, அதுவா. மேல ஏறி வலது கைப்பக்கம் கடைசி வூடு, நீலக் கலரு கதவு. ஆனா இப்ப ஆள் இல்ல. அது வர நாலாவும், பொண்ணு ஸ்கூல் வுட்டு வர நாலரை ஆவும். இன்னா இன்னிக்கு அதத் தேடிக்கினு ஆளா வருது? காலைலதான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு."

"யாரு?"

"பொண்ணுக்கு மாமாவாம். நல்ல மரியாதையான மனுசன். வெயில்ல வந்துட்டாரேன்னு மோரு குடுத்தேன். வூடு பூட்டிக் கீதுன்னேன். சரிக்கா, சாயந்தரமா வந்து பாத்துக்கறேன்னாரு."

"கையில எதாவது வெச்சிருந்தாரா?"

"கேக்கு டப்பா. பொண்ணுக்குப் பொறந்தநாளாம். ஃபிரிட்ஜுல வெக்கவான்னு கேட்டேன், வேணாம், நானே கையால குடுக்கறேன்னுட்டாரு."

நான் அங்கிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மணி இரண்டரை. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் போல ஒரு நேரம் என் வாழ்க்கையில் வந்ததில்லை, இனி வரவும் வேண்டாம். மூன்றுக்கு அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். கம்பெனி வேனில் இரைச்சலில் இருப்பாள். செய்தி அனுப்பினால் படிப்பாளா என்று தெரியவில்லை, அனுப்பினேன். போலீசுக்குப் போகலாமா என்று வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். "என்னன்னு சொல்லுவ? ஒருத்தர் கேக் வாங்கிட்டு வந்தார்னா?" என்றார். அவர் குரலும் நன்றாக இல்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். மாவுக்கடை அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவர் அவளிடம் சொல்லிவிடுவார் அல்லவா? அவன் வரும்போது நான் எதற்கு இங்கே? இப்படியெல்லாம் ஒரு மனுஷி நினைத்தாள், அவள் நான்தான். கால் எழவில்லை, அதனால்தான் உட்கார்ந்திருந்தேன். தைரியம் ஒன்றும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. அவள் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னா டீச்சர், இவ்ளோ தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியிலேயே நடையைக் குறைத்தாள். நான் அவளிடம் வீட்டு விலாசத்தைக் கேட்டதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

படிக்கட்டில் ஏறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னோட்டம், டேங்க், மாவுக்கடை, காலையில் வந்தவன், கேக். என்னை மன்னிச்சிடும்மா என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவள் நிற்கவே இல்லை. ஒரு படியில்கூட நிற்கவில்லை. நாலாவது மாடி வந்ததும், "சாயந்தரம்னா எத்தினி மணின்னு சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒரே அறை, ஒரு சமையலறை. சுவரில் ஆணியில் ஒரு கட்டைப்பை மாட்டியிருந்தது. அதை எடுத்துத் திறந்து பார்த்தாள். காகிதங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. துணிகளை மடித்து அடைத்தாள். கேஸை மூடினாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், மாடி அறையில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்றேன்.

"உங்க வூட்டுக்கா?" முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "உங்க அட்ரஸ நீங்களே வீடியோ கீழ போட்டுக்கினு கீறீங்க டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வரும், அது இன்னும் கேவலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கம்ப்ளெயின்ட் கொடுக்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். "குடுப்பேன், குடுக்காம இன்னா. மொதல்ல இங்கேந்து போயி சேந்துட்டு குடுக்கறேன். எழுதி முடிக்கிறதுக்குள்ள அவன் வந்து நிப்பான்" என்றாள்.

அவன் வந்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மணிக்கு வந்தானாம், அதே கேக் டப்பாவோடு. என் நம்பரை வாங்கி வைத்திருந்த மாவுக்கடை அம்மா மறுநாள் போன் செய்து சொன்னார். பூட்டைப் பார்த்துவிட்டு, வாசல்படியிலேயே எட்டு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனானாம். அவர்கள் தப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து சூப்பர்வைசருக்கு வேறொரு எண்ணிலிருந்து, நல்லா இருக்கோம் என்று ஒரு செய்தி வந்தது. எந்த ஊர் என்று இல்லை. அந்தப் பேட்டியை நான் வெளியிடவில்லை.

நான் மறக்க முடியாமல் தவிப்பது அதற்கு முன்னால் நடந்தது. நாலரைக்கு அவள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஆறாவது படிக்கிறவள். இரட்டைச் சடை, முதுகில் பெரிய பை. வாசலில் என்னைப் பார்த்து, டீச்சர் என்று எப்படித் தெரிந்ததோ, "குட் ஈவினிங் மிஸ்" என்றாள். உள்ளே அம்மா கையில் இருந்த கட்டைப்பையைப் பார்த்தாள். புத்தகப்பையைக் கழற்றி, அதிலிருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்து ஒழுங்காகச் சுவர் ஓரம் அடுக்கினாள். நூலகப் புத்தகம் ஒன்றைத் தனியாக மேலே வைத்தாள். சமையலறைக்குள் போய் வேறு கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். கழற்றிய யூனிஃபார்மை மடித்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை அதன் மேல் சுருட்டி வைத்தாள். பதினோரு வயதுப் பிள்ளை, என்ன எடுக்க வேண்டும், என்ன விட வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தது. என்னால் பார்க்க முடியவில்லை, பார்த்துக்கொண்டும் நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இந்தத் தடவ யாரும்மா சொன்னது?"

அவள் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "யாரும் சொல்லல. கெளம்பு."

அவள் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். அதை அப்படியே விட்டுவிட்டு நான் பேசாமல் நின்றிருக்கலாம். நிற்கத்தான் ஆசைப்பட்டேன்.

"நான்தான்மா சொன்னேன்" என்றேன்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"ஏன் மிஸ்?"

ஒரு பொய் கிடைக்குமா என்று தேடினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்து வரவில்லை.

"உங்கம்மா பேசினது நல்லா இருந்துச்சும்மா. அதான்."

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள். சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு கட்டைப்பையின் ஒரு காதைத் தான் பிடித்துக்கொண்டாள், இன்னொரு காதை அம்மா பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் படி இறங்கினார்கள்.